சவுக்குத் தோப்பில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

கிறிஸ்துமஸ் மரம் என்றால் இப்போது அட்டைப்பெட்டியில் வருகிறது. பிரித்து, கம்பிக் கிளைகளை விரித்து, பண்டிகை முடிந்ததும் மடித்துப் பரணில் வைத்துவிடலாம். நம் வயதுக்காரர்களுக்கு அது சவுக்கு மரம்தான். பைன் மரத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த நமக்கு, ஊசி ஊசியாகத் தொங்கும் சவுக்குதான் அதற்குக் கிட்டத்தில் வந்தது.

சவுக்கும் நம் ஊர் மரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் நட ஆரம்பித்தார்கள். பிறகு பந்தல்காலுக்கும் சாரத்துக்கும் அதுவே ஆனது. நாலைந்து வருஷத்தில் வெட்டி விற்றுவிடலாம் என்பதால் மணல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு சேமிப்பு மாதிரி.

நான் அப்போது தரங்கம்பாடிப் பக்கம் ஆசிரியராக இருந்தேன். 1983 டிசம்பர். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. வழக்கமாக விறகுக் கடையில் ஒரு கிளை கேட்டு வாங்கி வந்துவிடுவேன். அந்த வருஷம் பிள்ளைகள் இரண்டு பேரும், "நாமே போய் வெட்டிக்கிட்டு வரலாம்பா" என்று பிடிவாதம் பிடித்தார்கள். கடற்கரையை ஒட்டித் தோப்பு வைத்திருந்த பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். பிள்ளைகளும் கூட நின்றார்கள். "அதுக்கென்ன வாத்தியாரே, ஒரு கிளை வெட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி மகனை உட்காரவைத்தேன். மகள் பின்னால் கேரியரில், மடியில் சாக்கில் சுற்றிய அரிவாள். முதல் நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் தண்ணீர். தோப்புக்குள் நுழைந்ததும் காற்றின் இரைச்சலைக் கேட்டு, "கடல் உள்ளேயே வந்துடுச்சா?" என்று மகன் பயந்தான்.

கொஞ்ச நேரம் இருவரும் கீழே கிடந்த ஊசிகளைப் பொறுக்கி விளையாடினார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி செருகி, "எங்கே ஒட்டியிருக்கேன், சொல்லு?" என்று கேட்கும் விளையாட்டு.

நான் கிளை தேடினேன். எந்தக் கிளையைப் பிடித்துப் பார்த்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டின்னில் மண் போட்டு நிறுத்தினால் குப்புற விழும். அப்போது மகள் ஒரு கன்றைக் காட்டினாள். இரண்டு வருஷத்து மரம் இருக்கும். அதன் உச்சி நாலு பக்கமும் சமமாக விரிந்து, வாழ்த்து அட்டையில் இருப்பதுபோலவே இருந்தது. "இதுதான்பா!" என்றான் மகன். மரத்தை வளைத்து இழுத்தேன். இரண்டே வெட்டு. ஐந்தடி உச்சி கையோடு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுக் காவல்காரர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். என் கையில் இருந்ததைப் பார்த்தார். போய் அந்த மொட்டை மரத்தின் வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாய்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அவர்தான் இதை வெட்டிக்கச் சொன்னார்" என்றேன்.

"நுனியை எடுத்துட்டா மரம் நேரா போகாதுங்க. பக்கத்துல கிளைச்சுக்கும். இனிமே கம்புக்கு ஆகாது, விறகுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவரே கயிறு கொடுத்து, சைக்கிளில் கட்டிக்கொள்ள உதவினார்.

பாதி வழியில் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, பாய் கிளைன்னுதானே சொன்னாங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

வீட்டில் மண்ணெண்ணெய் டின்னில் மணல் நிரப்பி மரத்தை நிறுத்தினோம். என் மனைவி பஞ்சைப் பிய்த்துக் கொடுக்க, மகன் பனி ஒட்டினான். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் நான் நட்சத்திரம் வெட்டினேன். மகள் மட்டும் கிட்டே வரவில்லை. விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மகன், "திரும்ப எடுத்துக்கிட்டுப் போய் ஒட்டவச்சிடலாம்பா" என்றான். மனைவி சிரிக்கவில்லை. "அந்தக் காவல்காரர் பாய்க்கு என்ன பதில் சொல்லுவாரு?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை அது என் மனதில் படவே இல்லை.

மறுநாள் காலையில் மகளை அழைத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். கிளைக்குப் பதிலாக உச்சியை வெட்டிவிட்டேன், மரம் கெட்டுப்போனது, காவல்காரரிடம் நீங்கள் சொன்னதாகப் பொய்யும் சொன்னேன், அவரை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த நாலு வாக்கியத்தைச் சொல்வதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவரு நேத்து ராத்திரியே வந்தாரு வாத்தியாரே. நீங்க பிள்ளைங்களோட வந்தீங்க, கிளை சரியா அமையல, தானேதான் நுனியை வெட்டிக் குடுத்தேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரத்துக்குப் பணம் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ, "வளர்ந்த கம்புன்னா எட்டு ரூபா போகும். இது பாதி மரம்தானே, அஞ்சு குடுங்க" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்டதில் எனக்குப் பெரிய ஆறுதல். அங்கிருந்து நேரே தோப்புக்குப் போய்க் காவல்காரரிடமும் சொன்னேன். "பிள்ளைங்க முன்னாடி உங்களை எப்படிங்க கேக்கறது" என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மகளும் மரத்துக்குப் பஞ்சு ஒட்டினாள்.

கிறிஸ்துமஸ் அன்று முறுக்கும் அதிரசமும் கேக்கும் எடுத்துக்கொண்டு நாலு பேரும் அவரைப் பார்க்கப் போனோம். அடுத்த வருஷத்துக்கு அவரே வழி சொன்னார். கம்புக்கு மரம் வெட்டும்போது உச்சியைக் கழித்து மிலாறோடு போட்டுவிடுவார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு மாற்றல் வரும்வரை, வெட்டு நடந்த வருஷங்களில் எல்லாம் நல்லதாக ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருப்பார். வெட்டு இல்லாத வருஷம் பழையபடி விறகுக்கடைக் கிளைதான்.

போன டிசம்பரில் மகள் வீட்டில் இருந்தேன். பிளாஸ்டிக் மரத்தின் கிளைகளை விரித்துக்கொண்டே அவள் தன் மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னாள். சைக்கிள், மழைத் தண்ணீர், கடல் வந்துவிட்டது என்று மாமா பயந்தது, எல்லாம் அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தாத்தா அன்னிக்குப் பொய் சொன்னாங்க" என்பதையும் விடாமல் சொன்னாள்.

பேரன் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமாம்ப்பா, சொன்னேன்" என்றேன். "மீதியையும் உங்க அம்மாகிட்ட கேளு."