பன்னிரண்டு மணி நேரம்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு நாள் என்பது மூன்று ஷிப்டு: காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை. நீரிழிவு கண்ட பூனையின் நாளோ இரண்டாகப் பிரிவது. ஓர் இன்சுலின் ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். இவ்விரு கடிகாரங்களும் ஒரே வீட்டில் ஓடினால் என்ன நேரும் என்பதை, அங்குள்ள ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் கண்டுவருகிறார்.

வீட்டில் மூவர். அவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் அவருடைய தாயார், மாதத்தில் பாதி நாளைச் சாலையிலேயே கழிக்கும் லாரி ஓட்டுநரான கணவர். நான்காவது உயிர், பதினொரு வயதான செம்பழுப்பு நிற ஆண் பூனை. பெயர் வைக்க எவரும் மெனக்கெடாததால் கடுவன் என்பதே அதன் பெயராயிற்று. தெருவிலுள்ள கன்னடக் குழந்தைகளுக்கு அது ‘பெக்கு’. (நம் பழைய ‘வெருகு’ம் கன்னடத்தின் ‘பெக்கு’ம் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. தமிழில் வகரமாக நின்றது அங்கே பகரமாயிற்று. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும்போது மனிதர்களின் பெயர்களுக்கு நேர்வதைவிட இது சிறிய மாற்றம்தான்.)

முதலில் தெரிந்தது தாகம். கிண்ணத்து நீர் அரை நாளில் வற்றியது. மணல் தட்டில் இரண்டாக இருந்த ஈரக் கட்டிகள் ஆறாயின. தின்னத் தின்ன இளைத்தது. பிறகு ஒரு நாள் பின்னங்கால்களின் விரல்நுனியில் நடக்க வேண்டிய பூனை, குதிகால் தரையில் படிய முயலைப்போல நடந்தது. உயர்ந்த சர்க்கரை கால் நரம்புகளைத் தாக்கியதன் அடையாளம் அது. நாம் ‘நீரிழிவு’ என்ற சொல்லைக் கேட்டதும் இழிவு என்ற பொருளில் திகைக்கிறோம். இழிதல் என்றால் கீழிறங்குதல், வழிதல். நீர் வழிந்துகொண்டேயிருக்கும் நோய். சர்க்கரை நோய் என்ற பெயரைவிட இதுவே பூனைக்குப் பொருந்துகிறது. ஏனெனில் பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியை ஆக்கும் மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

மருத்துவர் இரத்தத்தில் சர்க்கரையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. மருத்துவமனைக்கு வந்த அச்சத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் செய்யப்பட்டது. கடுவனின் ஈறுகள் நெடுநாளாக வீங்கியிருந்தன. அதற்காகப் பல முறை ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தது. ஸ்டீராய்டு பூனைகளில் நீரிழிவைத் தூண்டவல்லது. இனி அது கூடாது என்றானபின் ஈறுகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

பூனைக்கென்று தனியாக இன்சுலின் நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. மனிதருக்கான கிளார்ஜினைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். இதில் பொம்மசந்திராவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1978இல் பெங்களூரில் கிரண் மஜும்தார் தொடங்கிய பயோகான் 2004இல் மனித இன்சுலினையும், 2009இல் கிளார்ஜினையும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெரிய வளாகம் இந்தப் பேட்டையில், ஜிகணி இணைப்புச் சாலையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஹெப்பகோடி நிலையத்தின் பெயரிலேயே அந்நிறுவனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகின் பல நாடுகளுக்கு இன்சுலின் அனுப்பும் ஊரில், ஒரு பூனை மனிதர் மருந்தைக் கடன் வாங்கிப் பிழைக்கிறது. அந்தக் கடன் வேதியியல் அளவிலும் உண்மை. 51 அமினோ அமிலங்களால் ஆன இன்சுலினில் பூனையினுடையது மாட்டினுடையதிலிருந்து ஒரே ஓரிடத்தில் வேறுபடுகிறது, மனிதனுடையதிலிருந்து நான்கு இடங்களில். அவ்வளவு வேறுபாடும் பூனையின் உடலுக்குப் பொருட்டில்லை.

உடன் பணிபுரிவோர் கேட்டனர்: மனிதருக்கே மருந்து போதாத நாட்டில் பூனைக்கு இன்சுலினா? கணக்கிட்டுப் பார்க்கலாம். வேளைக்கு 2 யூனிட்டு, நாளுக்கு 4, மாதத்துக்கு 120. அவ்வீட்டுத் தாயாரும் நீரிழிவு உடையவர். காலையில் 24, மாலையில் 16 என நாளொன்றுக்கு 40 யூனிட்டு போட்டுக்கொள்கிறார். பூனையின் ஒரு மாதம் அவருடைய மூன்று நாள். 3 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட்டு இருக்கும். திறந்தபின் 28 நாள்தான் என்னும் விதியைப் பின்பற்றினால் பாதிக்கு மேல் கொட்டத்தான் வேண்டும். மருந்தைப் பூனை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது வேறொன்று.

ஷிப்டைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஷிப்டு மாறும். போகவர முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதல் ஷிப்டு வாரத்தில் இரு வேளை ஊசியையும் தாமே போட வேண்டுமென்றால் நேரம் 2.45க்கும் 5.15க்கும் இடையில் அமைய வேண்டும். இரண்டாம் ஷிப்டில் 10.45க்கும் 1.15க்கும் இடையில். இரவு ஷிப்டில் 6.45க்கும் 9.15க்கும் இடையில். ஒவ்வொரு வாரத்திலும் இரண்டரை மணி நேர வாயில் ஒன்று திறக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று எங்குமே தொடவில்லை. வாரந்தோறும் ஊசி நேரத்தை மாற்றினால் சர்க்கரை தறிகெட்டுவிடும். ஆகவே காலை 7, மாலை 7 என்று நிறுத்தி, அவர் இல்லாத வேளைகளைத் தாயார் ஏற்றார்.

அங்கேதான் அந்த இரவு நிகழ்ந்தது. தாயார் ஊர் அரசு மருத்துவமனையில் பெறும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்டு அடர்த்தி கொண்டது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பூனையின் கிளார்ஜின் 100 யூனிட்டு அடர்த்தி. அதற்கு ஆரஞ்சு மூடி. டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அறுபத்து மூன்று வயதுக் கண்ணுக்கு ஒன்றுதான். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை இழுத்த கிளார்ஜின் உண்மையில் 5 யூனிட்டு. இப்படி இரண்டு அடர்த்திகளை ஒரே நாட்டில் புழங்கவிட்டு, வேறுபாட்டை மூடியின் நிறத்திடம் ஒப்படைத்திருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பூனை வளர்ப்போருக்கு மட்டும் சொல்வதன்று இது.

இரவு 10.45க்கு மகள் வந்தபோது கடுவன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. காதோர நரம்பில் குத்தி எடுத்த துளி 38 காட்டியது. மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனை இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்றாலும், 38 காத்திருக்கத்தக்க எண்ணன்று. மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி சர்க்கரைப் பாகை ஈறில் தடவினார். சுவை தெரியாததால் அது விரும்பி நக்காது, தேய்த்துத்தான் விட வேண்டும். வீங்கிய ஈறு என்பதால் ஒவ்வொரு தடவலுக்கும் கை கீறப்பட்டது. பிறகு கோழிக்கறி. பின் அரை மணிக்கொரு முறை காதில் குத்தல். 52, 47, 66. அதிகாலை மூன்று மணியளவில் எண் 110ஐத் தொட்டது.

அதுவரை சுவரோரம் பேசாமல் அமர்ந்திருந்த தாயார் கையை நீட்டினார். “அதுக்குப் பாக்கற மாதிரி எனக்கும் ஒருக்கா குத்திப் பாரு பாப்பா.”

312.

அவருக்குக் கடைசியாகச் சர்க்கரை பார்த்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழ்நாட்டரசின் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஊரில் இருந்தவரை செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்துச் சென்றனர். மகளுக்கு உதவ எல்லை கடந்து வந்தபின், இரு மாதத்துக்கொரு முறை பேருந்தேறிப் போய் வரும் மருந்தாக அது சுருங்கியது. அத்தனை காலமும் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. நாள்தோறும் இரு முறை இயங்கவும் செய்தது. அந்தக் குச்சிகள் பூனையுடையவை என்று அவர் கருதிக்கொண்டார், மகளும் அப்படியே கருதினார். அவர்கள் வாயில் அது சொல்லாக வந்ததே இல்லை.

மகள் பொது ஷிப்டு கேட்டு விண்ணப்பித்தார். இரவுப்படி போயிற்று. ஷிப்டுப் பொறுப்பாளர் பதவி வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவருக்குச் சென்றது. கணவருக்கு இதில் மனக்குறை உண்டு, ‘ஒரு பூனைக்காக’ என்கிறார். குறிப்பேட்டைப் பார்த்தால் அவ்வாறு சொல்ல இயலாது. ஒவ்வொரு பக்கமும் இப்போது இரண்டு பத்தி. இடப்பக்கம் ‘க’, வலப்பக்கம் ‘அம்மா’. இருவருக்கும் நேரம் 7.

ஈறுகளின் சிக்கல் இவ்வளவுக்கும் இடையில் முற்றிக்கொண்டே வந்தது. வீக்கம் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அளவு ஏறிக்கொண்டே போகும். ஸ்டீராய்டு கூடாது. எஞ்சிய வழி, பற்களைப் பிடுங்கிவிடுவது. அதற்கு மயக்க மருந்து தர வேண்டும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவில் மாவுச்சத்து மிகுதி, நீரிழிவுக்கு ஏற்ற உணவில் புரதம் மிகுதி. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு ஆகாது. அமெரிக்காவில் 2022, 2023 ஆண்டுகளில் பூனைகளுக்கு வாய்வழி மருந்துகள் இரண்டு அனுமதி பெற்றன. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு அவை உரியவை அல்ல என்பதால் அந்த வாயிலும் மூடியது.

மூன்று வாரம் முடிவெடுக்காமல் கழிந்தது. முடிவைச் சொன்னவர் தாயார்தான். வலியோடு தின்பதைத் தாம் தினமும் பகலில் பார்ப்பதாகவும், மகள் எண்களைப் பார்ப்பதாகவும் சொன்னார். முதலில் நரம்பு வழியே நீரேற்றி, பின் இரண்டு அமர்வுகளாகப் பிரித்துப் பற்கள் எடுக்கப்பட்டன. நான்காம் நாள் கடுவன் மசித்த கோழிக்கறியைத் தலை நிமிராமல் தின்றது.

அடுத்த இரு மாதங்களில் இன்சுலின் 2 யூனிட்டிலிருந்து ஒன்றாகி, அரையாகியது. சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலையும் வாய்ப்பதுண்டு, கடுவனுக்கு அது வாய்க்கவில்லை. குதிகால் நடை பெரும்பாலும் சரியாயிற்று, பீரோ மேல் தாவ மட்டும் இன்னும் முடியவில்லை. சிறுநீரகத்துக்காக வாரம் இரு முறை தோலுக்கடியில் 100 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட் ஏற்றுகிறார்கள். பாட்டில் பீரோவின் கைப்பிடியில் தொங்கும். ஊசியை மகள் செருகுவார், பூனையைத் தாயார் மடியில் வைத்திருப்பார். சிவப்பு மூடிச் சிரிஞ்சுகள் சமையலறையில் ஒரு முறுக்கு டின்னுக்குள்ளும் ஆரஞ்சு மூடி படுக்கையறை அலமாரியிலும் இருக்கின்றன.

ஆடி முடிந்ததும் மீண்டும் சிறுநீரகப் பரிசோதனை செய்ய வேண்டுமென்று மருத்துவர் கூறியிருக்கிறார். அதே வாரம் தாயாருக்குக் கிருஷ்ணகிரியில் விழித்திரைப் பரிசோதனை. இரண்டு நாளும் லாரி எடுக்கக் கூடாதென்று கணவரிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.