தாம்பரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

2024 மே 6, திங்கள்

மெட்ராஸுக்கு மாத்தி ஆர்டர் வந்துட்டுது. கிண்டி. ஜூன் 3 சேரணும். ஆபீஸ்ல எல்லாருக்கும் அல்வா வாங்கிக் குடுத்தேன். நான் ஒரு வாய் போட்டேன், இனிப்பே தெரியல.

கிண்டின்னா பாம்புப் பண்ணைதான் ஞாபகம் வருது. ஒன்பதாங்கிளாஸ் சுற்றுலா. ஒரு பைப்பில குடிச்ச உப்புத் தண்ணி.

அவுக, "நல்லதுதான"ன்னு சொல்லிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்ட்டாக. பாவு அந்துருக்காம். எப்பவும் இப்படித்தான். ஏதாவது பேசணும்னா பாவு அந்துரும்.

சந்தோஷமாத்தான் இருக்கு. பதினாறு வருஷம் காத்திருந்தது.

மே 8, புதன்

சேதி பரவிட்டு. ஆளாளுக்கு ஒரு ஊரு சொல்லுதாங்க. கேஷியர் சார், "வேளச்சேரி எடுத்துருங்க மேடம், கிண்டிக்குப் பக்கம்." எதுத்த வீட்டு மதினி, "குன்றத்தூர்ல வாடகை கம்மி, எங்க அண்ணன் அங்கதான இருக்கான்." பூக்கடை அண்ணாச்சி வரைக்கும் ஒரு யோசனை வச்சிருக்காரு. அவரு மக மாதவரத்துல இருக்கா. மாதவரம் எங்க, கிண்டி எங்க!

அவங்கவங்க சொந்தக்காரங்க இருக்குற எடத்தைச் சொல்லுதாங்க. நமக்கு எது தோதுன்னு ஒருத்தரும் கேக்கல.

கத்திரி வெயில். முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி ரெண்டு வாட்டி முழிப்பு.

மே 10, வெள்ளி

ரிசல்ட். பாப்பா 451. கணக்குல 97. அத்தை அழுதுட்டாக. அவுக பிரியாணி வாங்கிட்டு வந்தாக.

"பதினொண்ணு எங்க சேக்கப் போறீங்க, இங்கயா மெட்ராஸா?" வந்தவுக அத்தனை பேரும் கேட்டாச்சு. பாப்பா ஒண்ணும் சொல்லல. எலும்பைச் சப்பிக்கிட்டே போனைப் பாத்துக்கிட்டிருந்தா.

நானும் கேக்கல.

மே 12, ஞாயிறு

மத்தியானம் பூரா மேப்பு. கண்ணு எரியுது.

பெருசாக்கிப் பாத்தா எங்க பாத்தாலும் நீலம். ஏரி, ஏரி, சதுப்பு நிலம். பள்ளிக்கரணை எவ்வளவு பெருசா கெடக்கு! 2022-ல ராம்சர் பட்டியல்ல சேத்துருக்காங்க. அதைச் சுத்தி ஒட்டி ஒட்டி அபார்ட்மென்ட். 2015 வெள்ளத்துல முடிச்சூரு, வரதராஜபுரம், வேளச்சேரி. போன டிசம்பர் மிக்ஜாம்ல மறுபடியும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம்.

டி.வி.யில பாத்து "பாவம் மெட்ராஸ்காரங்க"ன்னு சொல்லி ரெண்டு வாரம் ஆகல, டிசம்பர் 17, 18-ல நம்ம பக்கம் ஊத்திட்டுது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு சனம் பூரா உள்ள மாட்டிக்கிட்டாங்க. தண்ணிக்குப் பயந்து ஊரு பாக்கறதுன்னா எங்கயும் குடி இருக்க முடியாது.

இருந்தாலும் பயமாத்தான் இருக்கு. கீழ்வீடு வேண்டாம். அது முடிவு.

மே 13, திங்கள்

புரோக்கர்கிட்ட பேசினேன். அட்வான்ஸ் பத்து மாசமாம். அவருக்குத் தனியா ஒரு மாச வாடகை. புதுசா வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாசம்தான்னு இருக்கேன்னு கேட்டேன். "மேடம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எவ்வளவும் வாங்கலாம், அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு"ங்காரு. படிச்சுப் பாத்தேன். இருக்கு. அந்த ஒரு ஓட்டையிலதான் மெட்ராஸ் பூராக் குடியிருக்கு போல.

கடைசியா, "நீங்க என்ன ஆளுங்க மேடம்? ஓனர் கேப்பாங்க." சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாம எப்படி?

மே 14, செவ்வாய்

நங்கநல்லூர்ல ஒரு வீடு. போட்டோ அழகா இருந்துச்சு, பால்கனியில துளசி. பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம். ஏறினா கிண்டி ரெண்டாவது ஸ்டேஷன். வாடகை 16,000. போன் பண்ணினேன். ஓனர் அம்மா ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. "எந்த ஊரு? சங்கரன்கோவிலா, கோமதி அம்மன் ஊரு!" மனசு குளுந்துட்டுது. அப்புறம், "அசைவம் சமைப்பீங்களா?" "ஞாயித்துக்கிழமை மட்டும்." "அப்ப சரிவராதும்மா." அதே மரியாதையோட.

நாள் பூரா எரிச்சல். யார்கிட்டன்னு தெரியல. பாப்பா மேல எரிஞ்சு விழுந்துட்டேன், ஃபேனை அமத்தாமப் போனான்னு.

மே 16, வியாழன்

தட்கல். 11 மணிக்குக் கவுண்டர்ல முதல் ஆளா நின்னேன். வெள்ளிக்கிழமை பொதிகை, கெடைச்சுட்டுது. அப்பர் பெர்த்து. பரவால்ல.

அவுக வரல. தறிக்கு ஆள் இல்லையாம். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்." அதைக் கேட்டா பெருமையா இருக்கணும். கோவம் வருது.

மே 17, வெள்ளி

ரயில்ல எழுதுறேன். எழுத்து ஆடுது.

பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம். பதினேழு வயசுப் பையனை அடிச்சுட்டுப் போய்ட்டுது. பெட்டி பூரா அதே பேச்சு. கீழ் பெர்த்துல ஒரு அம்மா, பையனை மடியிலயே வச்சிருக்கா, அவன் நெளியுறான். பாப்பாவுக்கு போன் போட்டேன். "வீட்டுலதான் இருக்கேன், ஏம்மா?" ஒண்ணுமில்லன்னு வச்சுட்டேன்.

ராஜபாளையம் தாண்டியாச்சு. தூக்கம் இல்ல.

மே 18, சனி

தாம்பரத்துல எறங்கினேன். விடியல. வெயிட்டிங் ரூம்ல முகம் கழுவி, டீ குடிச்சு, பஸ் ஏறி வேளச்சேரி. 19,000, ரெண்டு ரூம், ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. பறக்கும் ரயில் கிண்டிக்குப் போகுமான்னு கேட்டேன். சிரிச்சாங்க. பரங்கிமலை வரைக்கும் இழுக்கணும்னு வருஷக்கணக்கா வேலை நடக்குதாம், முடிஞ்சபாடில்ல. பஸ்தான்.

பள்ளிக்கரணையில ரோட்டுலயே எறங்கி ரோட்டுலயே திரும்பிட்டேன். குப்பைமேட்டு வாடை. அங்க உள்ளவங்களுக்குப் பழகிப்போச்சு, எனக்கும் பழகிரும். பழக வேண்டாம்.

முடிச்சூர்ல வீடு நல்ல வீடு. புதுசு. வெள்ளை டைல்ஸ். ஓனரு, "இந்தத் தெருவுல தண்ணி வந்ததே இல்லைங்க." எதுத்த வீட்டு காம்பவுண்டுல பெயின்டுக்கு அடியில ஒரு கோடு, என் இடுப்பு உசரத்துக்கு. நான் அதையே பாத்தேன். அவரும் பாத்தாரு.

சாயங்காலம் சானடோரியம். அங்க ஓனரைக் கேக்கல, முதல்ல இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டேன். "2015-ல முட்டி வரைக்கும் வந்துச்சும்மா. போன டிசம்பர்ல இந்தக் கட்டை வரைக்கும். மாடிக்குப் போங்க, கவலை இல்ல." ஒளிக்காமச் சொன்னதே நிம்மதியா இருந்துச்சு. பழைய வீடு, மாடி, சிவப்புத் தரை. கரன்ட்டுக்குத் தனி மீட்டர். போர்த் தண்ணி உப்பு, குடிக்க கேன். கெச்சலா ஒரு வேப்பமரம்.

கால் வீங்கிப்போச்சு. செருப்புக் கடிச்சு ரத்தம்.

மே 19, ஞாயிறு

ராத்திரி கூடுவாஞ்சேரியில சித்தி மக வீட்டுல தங்கினேன். அவ தெருவுல திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில். நம்ம பேச்சாவே கேக்குது. தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. ரோடு நெடுக நம்ம பக்கத்து ஆளுகதானாம். "எல்லாரும் ஊருக்குப் போற ரோட்டைப் புடிச்சுக்கிட்டு இருக்கோம்க்கா"ங்கா. ஒரு தீபாவளிக்கு மூணு கிலோமீட்டரு பெட்டியைத் தூக்கிட்டு நடந்தாளாம்.

கிளாம்பாக்கம் காட்டினா. டிசம்பர் கடைசியிலதான் தொறந்தாங்க, பளபளன்னு இருக்கு. தென்மாவட்ட பஸ் பூரா இங்க இருந்துதான். பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன் இன்னும் கட்டி முடிக்கல. வேளச்சேரியில இருந்து ரெண்டு பையோட இங்க வந்து சேர்றதை நெனச்சுப் பாத்தேன். அந்த வீட்டை மனசுல இருந்து அடிச்சுட்டேன்.

கூடுவாஞ்சேரியில 9,000-க்கே வீடு இருக்கு. ஆனா தாம்பரத்துக்கு அங்கிட்டு ரயிலு கம்மி. ஒண்ணை விட்டா நிக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு நான் ஒத்தையில பிளாட்பாரத்துல.

ஒத்தையிலன்னு எழுதிட்டேன். பாப்பா வருவாதான?

மே 20, திங்கள்

வீடு. குளிச்சு, ரசஞ்சோறு. தறிச் சத்தத்துல படுத்த ஒடனே தூங்கிட்டேன். ஆபீஸ் லீவு.

அத்தைகிட்ட சானடோரியம் சொன்னேன். "டி.பி. ஆஸ்பத்திரி இருக்குற எடமில்ல அது?" அத்தையோட பெரியப்பாவை அங்கதான் சேத்திருந்தாகளாம், திரும்பி வரலயாம். போன்ல பாத்தேன். 1928-ல டாக்டர் சௌரிமுத்து ஆரம்பிச்ச சானடோரியம், அதுதான் ஊருக்கே பேராப்போச்சு. அப்ப நல்ல காத்துன்னு அந்த எடத்தைத் தேர்ந்தெடுத்திருக்காரு. இப்ப பெரிய ரோடு.

"அதுக்குப் பக்கத்துலயே தேசிய சித்த மருத்துவமனையும் இருக்கு அத்தை"ன்னேன். அவுக முழங்காலைத் தடவிக்கிட்டாக. வேற பேசல.

மே 22, புதன்

வைகாசி விசாகம். கோயில்ல கூட்டம். புத்துமண் ஒரு பொட்டலம் எடுத்து முந்தியில முடிஞ்சேன். நாகசுனை பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்தேன். ஒண்ணும் வேண்டிக்கல. என்ன வேண்டணும்னு ஓடல.

ஒரு ரூமா ரெண்டு ரூமா? சானடோரியம் மாடியில ரெண்டும் காலியா இருக்கு. ஒண்ணு 8,500. ஒண்ணு 13,000.

மே 24, வெள்ளி

பாப்பா சொல்லிட்டா. பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தப்ப பின்னால வந்து நின்னு. "நான் இங்கயே படிக்கேன்மா. ஆச்சிகூட இருக்கேன். பன்னெண்டு முடிச்சுட்டு அங்க காலேஜ் வாரேன்." ஏற்கெனவே அப்பாகிட்டச் சொல்லியாச்சாம். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காக.

"சரிட்டி"ன்னேன். வெளக்கின தட்டையே திரும்ப வெளக்கினேன்.

அப்ப ஒரு ரூம் போதும். லேடீஸ் ஹாஸ்டலே போதும். மாசம் ஏழாயிரம், சாப்பாட்டோட. நான் எதுக்கு ஊரு ஊரா அலைஞ்சேன்?

மே 25, சனி

ஹாஸ்டல் வேண்டாம். இந்த வயசுல ஆறு பேரோட ஒரு பாத்ரூம்.

மே 27, திங்கள்

சண்டை. "நீங்களும் வாங்களேன்"னு சொன்னேன். இது வரைக்கும் கேக்காததைக் கேட்டுட்டேன். அவுக, "தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசமாத் தாராக. அதுல ஓட்டியே கூலி கட்ட மாட்டேங்குது. அங்க வந்து எதை ஓட்ட?" "தறியை வித்துட்டு வாங்க." சொல்லியிருக்கவே வேண்டாம். சாப்பிடாமப் படுத்துட்டாக.

பத்து மணிக்குச் சானடோரியம் ஓனரு மெசேஜ்: நாளைக்குள்ள சொல்லுங்க, வேற பார்ட்டி இருக்கு.

மே 28, செவ்வாய்

அக்கினி இன்னிக்கு முடியுதாம். வெயிலுக்கு அது தெரியல.

பேசினேன். பத்து மாசம் கேட்டாரு, மூணுன்னு நான் சட்டத்தைச் சொன்னேன், சிரிச்சாரு, அஞ்சுல நின்னுது. எந்த வீடுன்னு கேட்டாரு.

பெரிய வீடுன்னுட்டேன்.

4,500 மாசா மாசம் கூட. ஒரு ஆளுக்கு ரெண்டு ரூம். பைத்தியம்னு சொல்லுவாக. அத்தை மூட்டுக்கு மருந்துக்கு வந்தா படுக்க எடம் வேணும். பாப்பா லீவுல வருவா. அவுக வந்தாலும் வருவாக.

மே 30, வியாழன்

அவுகளே அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்தாக. குக்கர், மிக்ஸி, ரெண்டு தலகாணி. "ரெண்டு எதுக்கு?"ன்னேன். "வச்சுக்க"ன்னாக. தறியில நெய்ஞ்ச துண்டு ஆறு, அடியில மடிச்சு வச்சிருக்காக. நான் பாக்காத மாதிரி இருந்தேன்.

நல்லா இருக்கு இன்னிக்கு. ஏன்னு தெரியல. காத்தடிக்குது, சாரல் வாசம்.

ஜூன் 1, சனி

பள்ளிக்கூடம் 10-ந்தேதிக்குத் தள்ளி வச்சுட்டாங்களாம், வெயிலுக்காக. பாப்பாவுக்கு ஒரே குஷி. "நாலு நாள் கூட இருக்கும்மா, நான் வந்து அங்க எல்லாம் அடுக்கித் தாரேன்." நேத்து வரைக்கும் இந்தப் பேச்சு இல்ல. ரயிலுக்கு அவளும் வாரா. ஜெனரல் டிக்கெட்டு எடுத்து என் பெர்த்துல நெருக்கிக்கிடணும். டி.டி.ஆர். திட்டுவாரு. திட்டட்டும்.

வயித்தைக் கலக்குது. புத்துமண்ணு பைக்குள்ள.

ஜூன் 2, ஞாயிறு

சானடோரியம். பால் காய்ச்சியாச்சு. அடுப்பு வாங்கல, இன்டக்‌ஷன்லதான் பொங்கிச்சு.

வாடகை 13,000. அட்வான்ஸ் 65,000. புரோக்கருக்கு 13,000. ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷ நடை, அங்க இருந்து கிண்டி அரை மணிக்குள்ள. பொதிகை நிக்கிற தாம்பரம் அடுத்த ஸ்டேஷன். யாராவது கேட்டா ஆபீஸுக்குத் தோதுன்னுதான் சொல்லப்போறேன். தோதுக்குப் பாத்தா பழவந்தாங்கல்ல நாலு கிண்ணத்தை வச்சுக்கிட்டு முட்டையில்லாம இருந்திருப்பேன்.

ஆடித்தபசுக்குப் பொதிகையில டிக்கெட் போட்டாச்சு. வெயிட்டிங் லிஸ்ட் 47.