மருமகனும் ஈரடிப்பு எஞ்சினும்

எங்கள் நீர்வேலியிலே வாழைக்குலைக்கு விலை பேசத் தெரியாதவர் இல்லை. செம்மண் தோட்டத்துக்கு எத்தனை நாளைக்கொருமுறை இறைக்கவேண்டும் என்பதிலும் வீட்டுக்கு வீடு ஒரு பண்டிதர் இருப்பார். ஆனால், மேட்டிலும் பள்ளத்திலும் மணலிலும் சேற்றிலும் பாய்ந்தோடும் பந்தய மோட்டார்ச் சைக்கிளை எவ்வாறு தெரிவு செய்வது என்று கேட்டால், ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். அந்தக் கேள்விதான் சென்ற மாதம் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் என் தங்கையின் மகன்.

பையனுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு கராஜில் வேலை பழகுகிறான். அநுராதபுரத்துச் சாலியபுரவில் நடைபெறும் கஜபா சுப்பர்குரொஸ் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கனடாவிலிருக்கும் பெரியப்பா பணம் அனுப்ப இசைந்துவிட்டார். இசையாதவள் தாய் ஒருத்திதான்.

"மாமா, எனக்கு ரூ ஸ்ற்றோக்தான் வேணும். நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள். அம்மாவுக்கு ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ" என்றான்.

பௌதிகம் படிப்பிப்பவனுக்கு எஞ்சின் தெரியும் என்பது மாணவர்களிடையே நிலவும் மூடநம்பிக்கைகளுள் ஒன்று. எனினும் மருமகன் முன்னால் மானம் போகலாகாதே! இரண்டு கிழமை புத்தகமும் கையுமாக இருந்தேன். தெரிந்துகொண்டதில் ஒரு பகுதியை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டு மோட்டார்ச் சைக்கிள்களில் இன்று பெரும்பாலானவை நாலடிப்பு எஞ்சின் உள்ளவை. கராஜில் பிஸ்ரன் என்றும் பாடநூலில் முசலம் என்றும் வழங்கும் அந்தப் பொருள், உறிஞ்ச ஒன்று, அமுக்க ஒன்று, வெடிக்க ஒன்று, புகையைத் தள்ள ஒன்று என நான்கு அடிப்பாக இரண்டு முறை ஏறியிறங்கினால் ஒரு தடவைதான் வலு பிறக்கும். ஈரடிப்பு எஞ்சினிலோ முசலம் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தாற் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு உண்டு. வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் உறுப்புகளும் இல்லை. உருளையின் சுவரிலே உள்ள துவாரங்களை முசலமே மூடித் திறக்கிறது. ஆகவே எஞ்சின் சிறியது, பாரம் குறைந்தது, கழற்றிப் பூட்ட எளியது. கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு எஞ்சின்களிலும், தோட்டத்தில் முதுகிற் சுமந்து மருந்தடிக்கும் விசிறிகளிலும் இதே வகையை நாம் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறோம். அவற்றுக்குப் பெற்றோலுடன் ஒயில் கலந்து ஊற்றுவார்களே, அதுதான் அடையாளம்.

இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த எளிய அமைப்புக்கு வடிவம் கொடுத்தார். அதைப் பந்தயக் குதிரையாக்கிய பெருமை கிழக்கு ஜேர்மனியின் எம்.இசற். தொழிற்சாலைப் பொறியியலாளர் வால்ரர் காடனைச் சேரும். புகைக்குழாயின் நடுவயிற்றைப் பெருக்கவிட்டு முனையை ஒடுக்கினால், வெளியேறும் புகையின் அமுக்க அலை திரும்பி வந்து, தப்பியோடப் பார்க்கும் புதுக் கலவையை உருளைக்குள்ளேயே தள்ளிவிடும். நமது பையன்களின் வண்டியில் சினைப்பட்ட பாம்புபோல வளைந்து கிடக்கும் குழாயின் இரகசியம் இதுவே. அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் 1961-ல் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது நாட்டைவிட்டுத் தப்பி, தாம் அறிந்த நுட்பத்தோடு யப்பானின் சுசுகி நிறுவனத்தை அடைந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகியின் வசமாயிற்று. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் பின்பெட்டியில் மறைந்து எல்லை கடந்தார்கள் என்று வாசித்தபோது, எஞ்சினை மறந்துவிட்டு அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிற்க. அந்த வளைந்த குழாயிலே ஒரு சூழ்ச்சியும் உண்டு. அலை உரிய தருணத்தில் திரும்புவது குறிப்பிட்ட வேகச் சுற்றிலே மட்டுந்தான். அதற்குக் கீழே எஞ்சின் தூங்குமூஞ்சி. அதைத் தொட்டதும் புலி. கைப்பிடியைச் சற்றுத் திருப்பியவன் ஆகாயத்தைப் பார்த்துக் கிடப்பான். பிற்காலத்தில் வந்த புகைவாய் வால்வுகள் இந்தக் குணத்தைத் தணித்தனவேயன்றி மாற்றிவிடவில்லை. நாலடிப்பு எஞ்சினோ கீழிருந்து மேல்வரை சீராக இழுக்கும். கைப்பிடியை விட்டால் தானே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். 1997-ல் யமஹாவின் 400 சி.சி. நாலடிப்பு வண்டியிலே டக் ஹென்றி லாஸ் வேகாஸ் சுப்பர்குரொஸில் வென்றபின், பந்தய உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அடுத்த பத்தாண்டளவில் ஹொண்டாவும் கவாசாக்கியும் சுசுகியும் பெரியவர்களுக்கான ஈரடிப்புப் பந்தய வண்டிகளைக் கைவிட்டன. யமஹாவும் ஒஸ்திரியாவின் கே.ரி.எம். நிறுவனமும் விடவில்லை.

அப்படியிருக்க, பையன் ஏன் ஈரடிப்பைக் கேட்கிறான்? கேட்டேன். "செலவு மாமா" என்றான். பந்தய நாலடிப்பு எஞ்சின் உடைந்தால் வால்வுகளோடு சேர்ந்து வீட்டுத் தாலிக்கொடியும் போய்விடுமாம். ஈரடிப்பிலும் சில பத்து மணிநேரப் பந்தய ஓட்டத்துக்கொருமுறை முசலமும் வளையமும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை அவனே ஒரு பின்னேரத்தில் கராஜிலிருந்து செய்துவிடுவான். பாரத்திலும் வேறுபாடு உண்டு. யமஹாவின் வை.இசற். 125 ஏறத்தாழ 95 கிலோகிராம். அதே நிறுவனத்தின் 250 சி.சி. நாலடிப்பு ஏறத்தாழ 106. சேற்றில் விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது அந்தப் பதினொரு கிலோவும் பேசும். இருக்கையின் உயரம் மூன்றடிக்கு மேல். நம் பையன் ஏறினால் பெருவிரல்தான் நிலத்தில் முட்டும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னேன். புத்தம்புதிய பந்தய வண்டி இப்போது வேண்டாம். 2025-ல் வாகன இறக்குமதித் தடை தளர்ந்ததென்றாலும் விலை மலிந்துவிடவில்லை. அன்றியும் அதற்கு விளக்கும் இல்லை, கோணும் இல்லை. வீதியில் ஓட்ட இயலாது. முதலில் யமஹா டி.ரி. 125 போன்ற பழைய காட்டுப்பாதை வண்டி ஒன்று. 250 சி.சி. ஈரடிப்பைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. வாங்குமுன் கழிவு ஒயில் நிறத்தைப் பார். புகை மட்டுமீறி வந்தால் கியர்ப்பெட்டி ஒயிலை எஞ்சின் குடிக்கிறது என்று கொள். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 32-க்கு ஒன்று என்ற கணக்கில் 31 மில்லிலீற்றர் ஒயிலை அளந்து கலக்கவேண்டும், கண்மதிப்பு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று வடிகட்டி. எங்கள் செம்மண் புழுதி வாழைக்கு அமுதம், முசலத்துக்கு நஞ்சு.

பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தங்கை ஆட்டவில்லை.

அவள் கையிலிருந்தது ஒரேயொரு செய்தி. 2024 ஏப்ரல் 21-ஆந் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸில் பந்தயக் கார் ஒன்று தடத்தைவிட்டுப் பார்வையாளரிடையே பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. "பார்க்க வந்த பிள்ளைக்கே அந்தக் கதி எண்டால் ஓடுற பிள்ளைக்கு என்ன கதி, அண்ணா?" என்றாள். அதற்கு மறுமொழி எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் இல்லை. இந்தப் பந்தயங்களை நடத்துவோர் படையினர் என்பதும் அவளுக்கு ஓர் உறுத்தல். அதை விரித்தெழுத இது இடமன்று.

"மறித்தால் களவாக ஓடுவான். எவனுடையவோ வண்டியில், தலைக்கவசமும் இல்லாமல், இரவிலே தரவையிலே ஓடுவான்" என்றேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்திரண்டு வருடமாகத் தொண்டைக்குள் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

1993. பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துப் பூட்டும் பொருள். யாழ்ப்பாணத்து மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலின் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஐயாவிடம் பழைய ஹொண்டா சி 50 ஒன்று இருந்தது. அவசரத்துக்கென்று சாமியறையில் படத்துக்குப் பின்னால் சின்னஞ்சிறு போத்தலும் இருந்தது. எனக்கு வயது பதின்மூன்று. ஐயா தோட்டத்தில் நின்ற ஒரு மத்தியானம் அந்தப் போத்தலை எடுத்தேன். வண்டியைக் கிழக்கே உவர்வெளிக்கு உருட்டிச் சென்று ஓடினேன். இடையிலே நின்றுபோயிற்று, மறுபடியும் துளி விட்டேன். காற்று முகத்தில் அடித்த அந்த அரைமணிநேரத்தை இன்றும் என்னால் வெறுக்க முடியவில்லை. போத்தலில் மிஞ்சியது வாசனை மட்டுமே.

அன்றிரவு, ஒன்பது வயதுத் தங்கைக்கு வயிற்றுவலி. ஐயா போத்தலை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாற்பது தரமாவது உதைத்திருப்பார். பிறகு அவளை அம்மாவின் சேலையால் தம்முதுகோடு கட்டிக்கொண்டு, மிதிசைக்கிளில், கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று இருட்டினூடே பெரியாஸ்பத்திரிக்கு உழக்கினார். குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. பிழைத்தாள், ஆனால் மாதக்கணக்காயிற்று எழுந்து நடமாட.

சொல்லி முடித்தேன். தங்கை முற்றத்து வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும், அண்ணா" என்றாள். "ஐயா சாகிற வருஷம் சொன்னவர். போத்தலிலை அவர் கோடு கீறி வைச்சிருந்தவராம். கேட்டால் பொடியன் தாங்கமாட்டான் எண்டு கேட்காமல் விட்டவராம்."

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவள்தான் மகனைக் கேட்டாள்: "உந்தத் தலைக்கவசம், நெஞ்சுக்குப் போடுறது, சப்பாத்து, எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?"

அவன் தொகையைச் சொன்னான். பழைய வண்டியின் விலையில் கணிசமான பங்கு அது. முதலில் அதை வாங்கு, வண்டியைப் பிறகு பார்ப்போம் என்றாள். ஒரு வருடம் பழக்கம் மட்டும். பந்தயம் என்ற சொல் அதன் பின்னர்தான். எரிபொருள் கலக்கும் அளவுக்குவளை அவள் வீட்டில், அவள் கைப்பொறுப்பில்.

வருகிற சனிக்கிழமை வவுனியாவில் ஒரு பழைய டி.ரி. பார்க்கப் போகிறோம். தங்கையும் வருகிறாள். நாங்கள் வருமுன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறிக் கிடக்கும் எஞ்சினை உதைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை தெரியும்.