துரோகத்துக்கு எத்தனை பெயர்?

"யூ பிட்ரேட் மீ."

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவன் என் ரூம்மேட். நாங்கள் இரண்டு பேருமே தமிழ் மீடியம். சண்டை வந்தால் தமிழில்தான் திட்டிக்கொள்வோம், அதுவும் தாராளமாக. அன்றைக்கு மட்டும் மூன்றே வார்த்தை, இங்கிலீஷில். அதிலேயே தெரிந்துவிட்டது, விஷயம் பெரிசு என்று.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வகுப்பில் யாருக்காவது புரிந்தால் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ்.) பரீட்சை ஃபீஸ் கட்டும் வாரம். எனக்குச் சரியான காய்ச்சல். "என்னுதையும் சேர்த்துக் கட்டிடுடா" என்று பணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேர் பணமும் கட்டவில்லை. கிரிக்கெட் பந்தயத்தில் போய்விட்டது. அழுதான். "அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுடா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். செய்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து, வட்டிக்குக் கடன் வாங்கி மறுபடியும் பந்தயம் கட்டுகிறான் என்று தெரிந்தது. அவன் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் அந்த மூன்று வார்த்தை.

இப்போது சொல்லுங்கள், இதில் துரோகி யார்? அவனா, நானா?

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் லைப்ரரியில் போய் பெரிய டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் நாம் "துரோகம்" என்ற ஒரே சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் ஆளுக்கு ஒன்று தைத்து வைத்திருக்கிறான்.

முதலில் ட்ரீசன். இது சாதாரண துரோகம் இல்லை, நாட்டுக்குச் செய்வது. இங்கிலாந்தில் 1351-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ராஜாவைக் கொல்ல நினைப்பது, அவர் மீது போர் தொடுப்பது, எதிரியோடு சேர்வது எல்லாம் இதில் வரும். அதே சட்டத்தில் சின்ன ட்ரீசன் என்று இன்னொன்றும் இருந்தது. வேலைக்காரன் எஜமானைக் கொன்றாலோ, மனைவி கணவனைக் கொன்றாலோ அது வெறும் கொலை இல்லையாம், துரோகமாம். கணவன் மனைவியைக் கொன்றால்? அது வெறும் கொலைதான்! இந்த வேறுபாட்டை 1828-ல்தான் எடுத்தார்கள். ஆக, யாருக்கு யார் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காக்காரர்கள் உஷார். ட்ரீசன் என்றால் என்ன என்பதை அரசியல் சாசனத்திலேயே எழுதி, ஒரே செயலை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லாவிட்டால் திறந்த கோர்ட்டில் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும் என்று கட்டிப்போட்டுவிட்டார்கள்.

அடுத்தது ட்ரெச்சரி. பார்க்க ட்ரீசனுக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் வேறு குடும்பம். இது ட்ரிக் என்ற சொல்லுக்குச் சொந்தம். சிரித்துக்கொண்டே குழி பறிக்கும் குணம், அதாவது நம்முடைய வஞ்சகம்.

பெர்ஃபிடி என்று ஒன்று இருக்கிறது. இது போர்ச் சட்டத்தில் முக்கியமான சொல். ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்த்த நெறிமுறையில் வருகிறது. எதிரியை ஏமாற்றுவது தப்பில்லை. இலை தழையைக் கட்டிக்கொண்டு ஒளியலாம், பொய்த் தகவல் பரப்பலாம். ஆனால் வெள்ளைக் கொடி காட்டி, எதிரி நம்பித் துப்பாக்கியை இறக்கியதும் சுட்டால் அது பெர்ஃபிடி. ஏமாற்றுவது வேறு, நம்பிக்கையையே ஆயுதமாக்குவது வேறு என்று போர்க்களத்தில்கூட கோடு கிழித்திருக்கிறார்கள்.

நம் ஊர்ச் சட்டத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. "ஃபோர் ட்வென்டி" என்று திட்டுகிறோமே, அது மோசடி. (2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. திட்டும்போது யாரும் மாற்றிச் சொல்வதாகத் தெரியவில்லை!) நம்பிக்கை மோசடி என்பது தனிப் பிரிவு, இப்போது 316. வித்தியாசம் என்னவென்றால், மோசடியில் வாங்கும்போதே மனசில் கள்ளம் இருக்கும். நம்பிக்கை மோசடியில் முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், ஒப்படைத்த பிறகுதான் புத்தி மாறும்.

இதைப் படித்தபோதுதான் அவன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. பணத்தை வாங்கும்போது அவன் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. கவுன்டருக்குப் போகும் வழியில்தான் சறுக்கினான். தப்பு தப்புதான். ஆனால் வேறு தப்பு.

சரி, என் கதை? பிட்ரே என்ற சொல்லைப் பார்த்தேன். மூலம் லத்தீன், பொருள் "கையில் ஒப்படைப்பது". பரம்பரை பரம்பரையாக ஒப்படைப்பதைச் சொல்லும் ட்ரெடிஷனும் அதே வேரில் வந்ததுதான். பிட்ரேவுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: மறைத்ததை வெளியே தெரியவிடுவது. பயத்தை மறைத்தாலும் குரல் பிட்ரே செய்துவிடுமாம்.

அட, இது நம்ம "காட்டிக்கொடு" இல்லையா? காட்டுவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது. யூதாஸைப் பற்றித் தமிழ் பைபிள் சொல்வதும் இதே சொல்தான். "குரல் காட்டிக்கொடுத்துவிட்டது" என்று நாமும்தான் சொல்கிறோம். ஒரு சட்டைதான் என்று நினைத்த எனக்கு, நம் பீரோவிலும் வேறு வேறு சட்டைகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நான் அவனைக் காட்டிக்கொடுத்தேன். அதை இல்லை என்று சொல்ல எந்த டிக்‌ஷனரியிலும் வழியில்லை. ஆனால் துரோகம் செய்தேனா? யூதாஸ் காட்டிக்கொடுத்தது எதிரிகளிடம். நான் ஒப்படைத்தது அவன் அப்பாவிடம். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சொல் மாறும் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சத்தியம் செய்தது செய்ததுதானே.

அவன் அப்பா மறுநாளே பஸ் ஏறி வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அபராதத்தோடு இரண்டு பேர் ஃபீஸையும் கட்டிவிட்டு, மூன்று பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு ராத்திரி வண்டிக்குப் போய்விட்டார். அவர் கையில் வாட்ச் இல்லை என்பதை நாங்கள் இருவருமே பார்த்தோம். அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

அவன் என்னிடம் பேச நாலு மாதம் ஆனது. போன வாரம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ மச்சான். பேரை மட்டும் போட்டே... அதுதான் ட்ரீசன்" என்றான்.

போடவில்லைடா.