எங்கள் வீட்டு ஆற்றுப்படை



கொட்டிவாக்கத்தில் குடியிருப்பவள் கடலைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேட்காதீர்கள். மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் குடும்பம் முழுக்க ஒன்றாகக் கடற்கரை வழியே போய் வருவது வேறு விஷயம். பிப்ரவரி முதல் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை, பதின்மூன்று பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போவதாக முடிவாகியிருக்கிறது. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பழைய மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முப்பது வருடம் தமிழம்மாவாக இருந்தவளுக்குப் பாடம் இல்லாமல் எழுத வராது.

முதலில் வந்த யோசனை கோவா. மாப்பிள்ளை சொன்னார். தம்பிக்கோ பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும். "அடுத்த வருஷம் யார் யார் இருப்போமோ, இப்பவே பாத்துடலாம்" என்றான். பேச்சு இப்படி நீண்டுகொண்டிருந்தபோது மயிலாப்பூரிலிருந்து பெரியக்கா போன் செய்தாள். "நான் வீட்லயே இருந்துக்கறேன்டி. என்னால உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நீங்க போயிட்டு போட்டோ அனுப்புங்க." அக்காவுக்கு 81 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கின்றன. ஒரு ஆளைப் போட்டு மூன்று நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இரண்டு பேர் உடனே சம்மதித்தும் விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அலைச்சல் வேண்டாமே என்ற அக்கறையில் சொன்னதுதான். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வறுமையோடு வருகிறவனுக்கு வழி சொல்வது. எந்த வழியே போகலாம், எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள், எங்கே தங்கலாம் என்று விவரமாகச் சொல்லும் இலக்கியம். இன்றைக்கு நாம் "டூர் பிளான்" என்கிறோமே, அது நம்மிடம் கவிதையாக இருந்தது. அதில் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பயணத்துக்கு முன்னால் வருவது ஓய்வு. வெயிலில் நடந்து களைத்த பாணர் குடும்பம் மரத்தின் வரிவரியான நிழலில் உட்கார்ந்திருக்கிறது. நடந்து நொந்த விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். அரசனின் புகழ், ஊர்களின் செழிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டில் முதலில் வருவது களைத்த கால்.

நம் திட்டமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பதின்மூன்று பேரில் மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவர் காலை வைத்துத்தான் மொத்தக் கணக்கும். அக்காவால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காரில் ஒரே இருப்பாக இருக்க முடியாது. மணலில் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். பாதி இடங்கள் தானாகவே விலகிவிட்டன. மீதியிருந்தவை போதுமானவை.

மாதம் ஏன் பிப்ரவரி? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். டிசம்பர் கடைசியில் புத்தாண்டுக் கூட்டம். பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றால், காணும் பொங்கலன்று கடற்கரை முழுக்கத் தலைதான் தெரியும். அன்று சென்னையில் கடலில் குளிக்கக் காவல்துறை தடை போடுவதும் வழக்கம். தையின் பிற்பகுதியில் மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பேரன் பேத்திகள் வெள்ளிக்கிழமை ஒரு நாள் பள்ளிக்கு விடுப்பு எடுக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை நானே சொல்கிறேன், லீவ் லெட்டரும் நானே எழுதித் தருகிறேன்.

இனி வழி. காலை ஆறு மணிக்குக் கொட்டிவாக்கத்திலிருந்து புறப்பாடு. முட்டுக்காடு பாலத்தில் உப்பங்கழியின் மேல் வெயில் ஏறுவதைக் காரிலிருந்தே பார்க்கலாம். ஏழரைக்குள் மாமல்லபுரம். ராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயிலை வெயிலுக்கு முன் பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு மடக்கு நாற்காலி, இருபது அடிக்கு ஒரு தரம் உட்காருவாள். அங்கே முடியாவிட்டாலும் குறையில்லை. அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது. காரிலிருந்து இறங்கினால் அந்தப் பாறை முழுக்கக் கண்ணுக்கு நேரே. தவம் செய்கிற பூனையைச் சின்னவர்கள் கண்டுபிடித்துப் பெரியம்மா பாட்டிக்குக் காட்ட வேண்டும். இது வீட்டுப்பாடம்.

அங்கிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் கடப்பாக்கம். பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த செங்கல் கோட்டை. இளையவர்கள் போய்ச் சுற்றிவிட்டு வரட்டும். நாங்கள் நிழலில் காரை நிறுத்தி, புளியோதரையும் மோரும் பிரித்து வைத்திருப்போம். முக்கால் மணி நேரம்தான். விசில் அடித்தால் திரும்பிவிட வேண்டும், விசில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்தது மரக்காணம். இதற்காகத்தான் இந்தச் சாலையையே தேர்ந்தேன். இருபக்கமும் உப்பளம். யாரும் இறங்க வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகிறவன் கடற்கரை வழியே எயிற்பட்டினம் வருவான். அங்கே நெய்தல் நிலப் பெண் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டையால் அடுப்பெரிப்பாள். பரதவர் கள்ளும் சுட்ட குழல்மீனும் கொடுத்து உபசரிப்பார்கள். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கரும்பலகையில் நான் படம் போட்டுக் காட்டிய ஊர் வழியாக அக்காவோடு போகப் போகிறேன். எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அப்பா வேலைக்குப் போனபின் என்னை மடியில் வைத்து அரிச்சுவடி எழுத வைத்த கை அது.

இரண்டு இரவும் புதுச்சேரியில். ஊர் ஊராக மூட்டை தூக்க வேண்டாம். அங்கே கடற்கரைச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் சமதளமாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகு வண்டிகளை விடமாட்டார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடலுக்கு இருபதடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகலாம். மணல் குறைவு, பாறைதானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் அங்கே துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியபின் மணல் வரத்து நின்று கரை கரைந்தது. நகரைக் காக்கப் பாறை கொட்டினார்கள். 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கரைக்கு நேர்ந்த அந்தக் கஷ்டம் நம் அக்காவின் நாற்காலிக்கு வழியாகியிருக்கிறது, என்ன சொல்ல!

சனிக்கிழமை விருப்பமுள்ளவர்கள் பிச்சாவரம் போய்ச் சுரபுன்னைக் காட்டில் படகு விட்டுவிட்டு மாலைக்குள் வரலாம். நான் அக்காவோடு இருப்பேன். பூம்புகாரும் தரங்கம்பாடியும் இந்தத் தடவை இல்லை. தம்பி, அடுத்த வருஷம் யார் இருப்போமோ என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பத்து ஊரை ஓடிப் பார்க்காமல் ஒரு ஊரில் ஒன்றாக உட்காரலாம் என்கிறேன்.

இப்போது கண்டிப்பான ஒரு விஷயம். கடலில் குளியல் கிடையாது. முட்டி அளவுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும். நான் வேலை பார்த்த பள்ளியில், அரையாண்டு விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போன முதல் நாள், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிட்டேன். பதினொன்றாம் வகுப்பு. யாரும் பதில் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் அழுதான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். அது சில இடங்களில் குறுகிய ஓடை போல வேகமாக உள்ளே இழுத்துப் போகும். அந்த இடத்தில் அலை உடையாது. அதனாலேயே அமைதியாகத் தெரியும், பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். இதைப் படித்த ஒவ்வொருவரும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு மாலைக்குள் கொட்டிவாக்கம் திரும்பிவிடுவோம். அடுத்த வார இறுதியிலும் இங்கே தங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு உபரி இருக்கிறது. பிப்ரவரி பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நம் வீட்டுக் கரை வழியாகத்தான், இரவில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையெல்லாம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவள் நான். உயிரோடு ஒன்று கரையேறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அக்காவிடம் இதெல்லாம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மரக்காணத்துல ரெண்டு கிலோ கல்லுப்பு வாங்கலாமா? ஊறுகா போட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். வருகிறாள் என்று அர்த்தம்.

உறவுகளே, யார் எந்தக் கார் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். கடப்பாக்கம், மரக்காணம் பக்கம் இருக்கிற மாணவர்களே, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள சுத்தமான இடம் எது என்று எழுதுங்கள். அதைவிடப் பெரிய குருதட்சிணை இப்போதைக்கு எனக்கு வேண்டாம். மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், மடக்கு நாற்காலி என் பொறுப்பு. ராத்திரி பெரியம்மா பாட்டியின் காலுக்குத் தைலம் தேய்க்கிற பொறுப்பு பேரன்களுக்கு, முறை வைத்து. சிறுபாணாற்றுப்படையிலேயே அது இளைஞர்கள் வேலைதான்.