அம்மா தள்ளிப்போடும் டெஸ்ட்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எழுதச் சொன்னார்கள். படிக்கப் படிக்க அம்மா ஞாபகம்தான். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடி" என்று மூன்று வருடமாக பாப் ஸ்மியர் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறாள்.

ஹெச்.பி.வி வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். அப்படித் தங்கினால், அதன் இ6 புரதம், பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவலாளியை அழித்துவிடும். இ7 புரதமோ, செல் கண்டபடி பெருகாமல் பிடித்துவைக்கும் ஆர்.பி என்ற பிரேக்கைச் செயலிழக்க வைக்கும். அது புற்றாக மாற பெரும்பாலும் 10, 15 வருடங்கள். அதுவரை வலிகூடத் தெரியாது.

ராத்திரி போனில் இதையெல்லாம் சொன்னேன்.

"அப்போ பிரேக் இல்லாத வண்டி சத்தமில்லாம ஓடிட்டிருக்குமா?"

"ம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சனிக்கிழமை உனக்கு லீவா?"