பழுது எங்கே?

திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமை அது. மாலையில் கோவிலுக்குச் சென்று ஒப்புரவு அருட்சாதனம் பெறுவது என்று முடிவு செய்திருந்தோம். மேடவாக்கத்து வீட்டு வாசலில் நின்ற நமது காருக்கு அன்று காலையில்தான் புதிய பேட்டரி பொருத்தப்பட்டிருந்தது. சில மாதங்களாகவே முகப்பு விளக்குகள் மங்கின. காலை வேளைகளில் வண்டி முனகி முனகியே கிளம்பியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நாமே தீர்ப்பு எழுதி, வேளச்சேரிச் சாலையிலுள்ள கடை ஒன்றிலிருந்து புதியதை வரவழைத்தோம். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, வண்டியை ஒருமுறை கிளப்பிக் காட்டிவிட்டுச் சென்றார்.

மாலையில் சாவியைத் திருப்பினோம். ஒரு சலனமும் இல்லை. விளக்கு எரியவில்லை, ஹாரன் ஒலிக்கவில்லை. வண்டி வெறும் இரும்பாக நின்றது.

உடனே கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சீறினோம் என்பதே உண்மை. பழைய சரக்கைப் புதியதென்று தலையில் கட்டிவிட்டதாகவும், அந்தப் பையனுக்குத் தொழிலே தெரியாதென்றும் சொன்னோம். "பையன் மேலதான் சார் தப்பு இருக்கும். அவன் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலில் நமக்கு ஒரு நிறைவு பிறந்தது. ஓர் ஏழைப் பிள்ளையின் கூலியில் கைவைத்துவிட்டோம் என்று அப்போது தோன்றவே இல்லை.

நமது அன்பியத்தில் பெரியவர் ஒருவர் உண்டு. தாம்பரத்தில் பல ஆண்டுகள் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்து ஓய்ந்தவர். செய்தி கேட்டு, ஒரு சிறு மீட்டரோடு வந்தார். நமது புலம்பலைக் கேட்டுவிட்டு, "முதல்ல யாரையும் திட்டாதீங்க தம்பி. மீட்டர் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றார்.

பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலாகத் தரும் ஆறு அறைகள் சேர்ந்ததுதான் பேட்டரி. ஆகவே அது முழு வலுவோடு இருந்தது. இணைப்பை மாற்றிக் கொடுத்திருந்தால் முதன்மை ஃபியூஸ் போயிருக்கும். அதுவும் நன்றாகவே இருந்தது. முனைகளில் கவ்விகள் இறுகப் பிடித்திருந்தன. அந்த இளைஞர் செய்த வேலையில் குறையே தென்படவில்லை.

பிறகு விளக்கின் சுவிட்சைப் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை வண்டியின் உடலிலும் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தால் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. ஆனால் முழுப் பன்னிரண்டு வோல்ட்டும் காட்டியது. "பார்த்தீங்களா, போன கரண்ட்டு திரும்பி வர வழியில்ல. எர்த் போயிருக்கு" என்றார்.

பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் கறுப்புக் கம்பியைத் தொடர்ந்து போனார். கீழே, கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், அது ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த இடம் முழுவதும் துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளை வெள்ளக்காடாக்கியபோது, இந்த வண்டியும் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் இருக்கைகளை உலர்த்தினோம், நறுமணம் தெளித்தோம். இந்த முடிச்சைக் குனிந்து பார்க்கவில்லை. ஓராண்டாக அரித்து வந்த இடம், பேட்டரியை மாற்றும்போது கம்பி சற்று அசைந்ததும் கைவிட்டுவிட்டது.

"அப்படியானால் பழைய பேட்டரி?" என்று கேட்டோம்.

"அதுவும் நல்லாவே இருந்திருக்கலாம் தம்பி. எர்த் சரியில்லாம சார்ஜ் எப்படி முழுசா ஏறும்?"

முதலில் பேட்டரியின்மேல் பழி போட்டோம்; அடுத்து அந்த இளைஞர்மேல் போட்டோம். துருவோ நம்முடைய வண்டியிலேயே, நம்முடைய கவனக்குறைவிலேயே இருந்தது.

இத்தாலியில் பழுதல்ல, வேறொரு புதிர் பற்றி இப்படியோர் ஆராய்ச்சி நடந்தது நினைவுக்கு வந்தது. தவளையின் கால் துடிப்பதற்குக் காரணமான மின்சாரம் அதன் உடலிலேயே இருக்கிறது என்றார் கால்வானி. இல்லை, தொட்ட இரு உலோகங்களிலிருந்தே பிறக்கிறது என்றார் வோல்டா. இருவருமே பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். வோல்டா தம் கருத்தைச் சோதித்துச் சோதித்து, 1800-ஆம் ஆண்டில் உலகின் முதல் மின்கலத்தை அறிவித்தார். வோல்ட் என்ற அளவு அவர் பெயரையே தாங்குகிறது. பின்வந்த அறிவியல், இருவர் பக்கமும் உண்மையின் ஒரு பகுதி இருந்ததைக் கண்டது. அவர்கள் சோதித்தார்கள். நாமோ சோதிக்காமலே தீர்ப்பிட்டோம்.

பெரியவர் உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, சிறிது கிரீஸ் தடவினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கோவிலுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. ஆனால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போகச் சொன்ன ஆண்டவரின் போதனை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வண்டியைக் கடைக்குத் திருப்பினோம்.

கடைக்காரரின் முன்னிலையிலேயே அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். குற்றம் நம்முடையது, அவர் சம்பளத்தில் ஒரு காசும் குறையக்கூடாது என்றோம். கடைக்காரர் தலையசைத்தார். இளைஞர் கூச்சத்தோடு, "பரவால்ல சார். நானும் அந்தக் கம்பியோட மறுமுனைய ஒரு தடவ பார்த்திருக்கணும்" என்றார். யாரும் கேட்காமலே தம் பங்கை ஏற்றுக்கொண்ட அந்தச் சொல், நமது ஆன்ம சோதனையைவிட நேர்மையாக இருந்தது.

கோவிலை அடைந்தபோது வரிசையில் நாமே கடைசி ஆள். வீட்டில் மனப்பாடம் செய்து வைத்திருந்த பட்டியல் மறந்துபோயிற்று. சொல்வதற்கு ஒரே ஒரு பாவம்தான் இருந்தது. அதுவும் அன்று மாலையே செய்தது.

அன்பர்களே, அருள் குறைவதில்லை. அது நம்முள் ஓடித் திரும்பும் வழியில்தான் துரு ஏறுகிறது. பிறரைக் குற்றம் சாட்டும் முன் அந்த மறுமுனையைக் குனிந்து பார்ப்போம். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வண்டியின் மூடியைத் திறந்து அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறோம். அப்போது அந்த இளைஞருக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வதும் வழக்கமாகிவிட்டது.